பின்பந்தியியல்: ஓர் அறிமுகம்

முடிந்த காரியத்தை எப்படி மதிப்பிடுவது, அதில் உழைத்தவர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்பது என்று மேனாட்டு நிர்வாக நூலார் அலமாரி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் இத்துறைக்கென்று தனிநூல் இல்லை என்று குறைப்படுவோர் உண்டு. நூல் எழாததற்குக் காரணம், தேவை எழாததுதான். மேனாட்டார் கருத்தைக் கேட்டுப் பெறுகிறார்கள். நமக்குக் கேட்காமலே வந்துவிடுகிறது. வருவதை நிறுத்துவது எப்படி என்று யாராவது எழுதினால் விற்கும்.

முதலில் துறையின் பெயர். கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலம், வாடகைப் பாத்திரங்களை எண்ணி வண்டியில் ஏற்றிவிட்டு, மிஞ்சிய லட்டுத் தூக்குவாளியை நடுவில் வைத்துக்கொண்டு, பெண்வீட்டார் பட்டாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பேசுகிற பேச்சுக்கு இதுவரை பெயர் கிடையாது. பந்திக்குப் பின் நிகழ்வதால் அது பின்பந்தி. அதைப் பற்றிய அறிவு பின்பந்தியியல். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியை வலக்கையைப் பற்றியது என்று கொண்டு, 'பந்திக்கு முந்தும், படைக்குப் பிந்தும்' எனப் பாடபேதம் சொல்வோரும் உண்டு: சோற்றுக்கு முன்னே நீளும் கை, நாணை இழுக்கையில் பின்னே போகும். இரண்டு பாடமும் ஆளோ கையோ போகிற இடத்தைச் சொல்லின. பந்திக்குப் பின் வாய் எங்கே போகும் என்பதைச் சொல்லவில்லை. இக்கட்டுரை அங்கே தொடங்குகிறது.

மரபில் முன்னோடிகள் இருவர். ஒருவர் அதங்கோட்டாசான். தொல்காப்பியம் எழுதி முடிக்கப்பட்டு நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அவர்முன் வைக்கப்பட்டதாகப் பாயிரம் கூறும். நச்சினார்க்கினியர் ஒரு படி மேலே போய் உள்கதையையும் சொல்கிறார். தொல்காப்பியர்மேல் கோபத்திலிருந்த அகத்தியர், 'அவன் நூலைக் கேட்காதே' என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ கேட்கச் சொல்லி நச்சரிக்கிறார். இரண்டு பேர் கோபத்துக்கும் தப்ப ஒரே வழி, கேட்டுவிட்டுக் குற்றம் சொல்லிவிடுவது என்று ஆசான் முடிவு செய்தாராம். பின்பந்தியில் பேசுகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பரம்பரை. சாம்பாரில் அவர்களுக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. வீட்டுக்குப் போனதும் வேறொருவரிடம் பதில் சொல்லவேண்டிய நெருக்கடி.

இரண்டாமவன் உருத்திரசன்மன். இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் ஆளுக்கோர் உரை செய்துவிட்டு எது மெய்யுரை என்று மல்லுக்கு நின்றபோது, தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட ஐந்து வயதுப் பிள்ளை. ஊமை. ஒவ்வொருவரும் உரையை வாசிக்க வாசிக்க அவன் சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது அங்கங்கே கண்ணீர் வந்தது. நக்கீரனார் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வந்து மயிர் சிலிர்த்தது. அதுவே தீர்ப்பு. படிவம் இல்லை, ஐந்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் இல்லை, 'மத்தபடி எல்லாம் நல்லா இருந்துது' இல்லை. வாய் இல்லாதவனிடம்தான் சரியான கருத்து கிடைக்கும் என்று நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தப் பிள்ளைக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் வேலை இருக்கிறது. (தருமியையும் நெற்றிக்கண்ணையும் இங்கே சேர்க்காததற்குக் காரணம், எல்லோரும் சேர்த்துவிட்டார்கள்.)

இனிக் கள ஆய்வு. என் அண்ணன் மகள் கல்யாணம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. திட்டம் என்பதற்கு நிர்வாக நூல்கள் சொல்லும் இலக்கணம் அனைத்தும் அதற்குப் பொருந்தும்: தொடக்கமும் முடிவும் உண்டு, முடிவு நேரத்தைப் பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்தது, செலவுக்கு வரம்பு உண்டு, வரம்பு மீறப்பட்டது. அதில் நடந்த பிழை ஒன்றே ஒன்று. மூன்றாம் பந்தியில் பருப்புப் பாயாசம் தீர்ந்துபோயிற்று. தவசுப்பிள்ளை இருந்த பாலில் சேமியாவைக் கிண்டி அனுப்பினார். இதை இனி 'இரண்டாம் பாயாசம்' என்று குறிப்போம். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மவர்களாக இருந்திருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். சங்கரன்கோவிலிலிருந்து தாமதமாக வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

சென்னையில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிற என் தங்கை மகன், கல்யாணம் முடிந்த அன்றே குடும்ப வாட்ஸாப்பில் ஒரு கூகுள் படிவம் அனுப்பினான். உணவு, உபசரிப்பு, மேடை அலங்காரம், வாகன வசதி என்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். வந்த பதில்கள்: கும்பிடுகிற கை ஒன்பது, கட்டைவிரல் ஆறு, மறுநாள் காலை ரோஜாப்பூவோடு ஒரு 'இனிய காலை வணக்கம்'. படிவத்தை நிரப்பியவர் ஒருவர்தான். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை.

படிவம் தோற்றதற்கு அவனைக் குறைசொல்ல முடியாது. நம்மிடம் கேள்வியே வேறு வேலைக்கு இருக்கிறது. மண்டப வாசலில் அண்ணன் நின்றுகொண்டு வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் "சாப்பிட்டியளா?" என்று கேட்டார். அது கேள்வி அன்று, கும்பிடு. அதற்கு "ஆச்சு ஆச்சு, எல்லாம் ஜம்முனு இருந்துது" என்ற ஒரே பதில்தான் இலக்கணத்தில் இடம்பெறும். "சாப்பிட்டோம், கூட்டுல தேங்கா கம்மி" என்று யாராவது சொன்னால் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அதே மனிதர் மண்டபத்துக்கு வெளியே ஆட்டோவில் ஏறி, ஆட்டோ முனை திரும்பியதும் வாய் திறக்கிறார். கருத்து ஆட்டோவில்தான் பிறக்கிறது. ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது இத்துறையின் எதிர்காலம்.

மொய்யையே கருத்துப் படிவமாகக் கொள்ளலாமே என்று ஒரு கட்சி உண்டு: நன்றாக இருந்தால் ஆயிரத்தொன்று, சுமாராக இருந்தால் ஐந்நூற்றொன்று. அக்கட்சியை நான் ஏற்கவில்லை. மொய்த் தொகை பாயாசத்தைக் குடிப்பதற்கு முன்பே, பல சமயம் பதினைந்து வருடத்துக்கு முன்பே, அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாம் எழுதியபோதே முடிவாகிவிடுகிறது. மொய் நோட்டு கடன் பேரேடு. கருத்துப் பேரேடு ஆகாது.

படிவம் தேறாது என்று அன்று சாயங்காலமே தெரிந்ததும் மருமகன் அடுத்ததை எடுத்தான். அமெரிக்க ராணுவத்தில் ஒரு முறை இருக்கிறதாம். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் போர்ட் இர்வின் என்ற பயிற்சி மையத்தில் 1980களில் அது நன்றாக வேரூன்றியது. ஒத்திகைப் போர் முடிந்தவுடன், புழுதி அடங்குமுன், எல்லோரும் உட்கார்ந்து நான்கு கேள்விக்குப் பதில் தேடுவார்கள்: என்ன நடக்கவேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த தடவை என்ன செய்யலாம். அந்த இடத்தில் பதவி பார்ப்பதில்லை. சிப்பாய் தளபதியைப் பார்த்து 'நீங்கள் சொன்ன வழி தப்பு' என்று சொல்லலாம்.

"அதே மாதிரி இங்கயும், மாமா" என்று அவன் பட்டாசலில் எழுந்து நின்றான்.

பட்டாசலின் அமைப்பை இங்கே விளக்கவேண்டும். ஒரே ஒரு சாய்வு நாற்காலி, அதில் பெரியப்பா. பெஞ்சில் அண்ணனும் அத்தானும். தரையில் நாங்கள். அடுக்களை நிலையில் சாய்ந்தபடி மதினியும் சின்ன அத்தையும், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. யாராவது எதிர்ப்பேச்சுப் பேசினால் உள்ளே போய்விடலாம் என்ற ஏற்பாடு. போர்ட் இர்வினில் சாய்வு நாற்காலி இருந்திருந்தால் அந்த முறை அங்கேயும் வேரூன்றியிருக்காது.

"முதல் கேள்வி. என்ன நடக்கணும்னு நினைச்சோம்?" என்றான் மருமகன்.

"கல்யாணம்தான்ல நினைச்சோம்" என்றார் பெரியப்பா.

"ரெண்டாவது. என்ன நடந்துச்சு?"

"கல்யாணம்தான் நடந்துச்சு. பெறவென்ன? லட்டை இங்கிட்டுத் தள்ளு."

ஆய்வுக் கூட்டம் அத்துடன் முடிந்து, பின்பந்தி தொடங்கியது.

பவணந்தியார் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றம் வகுத்தார். அன்று இரவு எட்டரை மணிக்குள் பத்தும் நடந்து முடிந்தன என்பதற்கு நான் சாட்சி. விரிவஞ்சி இரண்டை மட்டும் சொல்கிறேன். கூறியது கூறல்: மேளக்காரர் முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததைச் சின்ன அத்தை நான்கு தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் தாமதம் கூடிக்கொண்டே போய் கடைசியில் அரைமணி ஆயிற்று. மற்றொன்று விரித்தல்: பாயாசத்தில் தொடங்கிய அத்தான் தென்காசியில் தன் கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்து அப்போது வாழைக்காய் விற்ற விலைக்குப் போய், குற்றாலத்தில் அந்த வருடம் தண்ணீர் விழாததில் போய் நின்றார். அவரைத் திரும்பக் கூட்டிவர இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சொற்றொடரைத் தனியே ஆராயவேண்டும். 'நான் அப்பமே சொன்னேம்லா.' அன்றிரவு இது நான் எண்ணியவரை பதினாலு தடவை வந்தது. வேன் தாமதமாகும் என்று அத்தான் அப்பமே சொன்னார். சமையலுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று மதினி அப்பமே சொன்னாள். ஆவணியில் வைக்காதீர்கள் என்று பெரியப்பா அப்பமே சொன்னார். பந்தல்காலுக்குப் பக்கத்தில் நின்ற நான், அப்படி எதையும் அப்போது கேட்கவில்லை.

இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பது அறிவியலுக்குப் புறம்பு. பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியல் ஆய்வாளர் இன்னொருவரோடு சேர்ந்து 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சிலரைக் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்தபின், 'அன்று நீங்கள் என்ன கணித்தீர்கள், நினைவிலிருந்து சொல்லுங்கள்' என்றார்கள். நடந்துவிட்ட சம்பவங்களுக்குத் தாங்கள் அன்று கொடுத்ததைவிடக் கூடுதலான வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோருக்கு நினைவு வந்தது. முடிவு தெரிந்ததும் மனசு பழைய கணக்கைத் திருத்தி எழுதிவிடுகிறது. திருத்தியதை நமக்குச் சொல்வதில்லை. ஆக, அத்தான் மெய்யாகவே அப்பமே சொன்னார். அந்த அப்பம் நேற்று இரவு சுட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது பாயாசம். ஒரு பிழைக்காக முழுக் கல்யாணமும் ஏன் 'தண்ணியா' இருந்ததாகச் சங்கரன்கோவிலில் பேசப்படுகிறது? இதற்கும் விடை இருக்கிறது. டேனியல் கானெமன் குழுவினர் 1993இல் ஆட்களின் கையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கவைத்தார்கள். ஒரு தடவை 14 டிகிரித் தண்ணீரில் 60 விநாடி. இன்னொரு தடவை அதே 60 விநாடி, அதற்குமேல் 30 விநாடி கூடுதல். ஆனால் அந்த 30 விநாடியில் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். 'மறுபடி ஒன்றைச் செய்யவேண்டும், எது?' என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் நேரம் வலித்தும், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே போதுமாக இருந்தது. மனசு மொத்தத்தைக் கூட்டுவதில்லை. உச்சத்தையும் கடைசியையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது.

இந்தக் கோட்பாட்டைப் பந்தியில் வைத்துப் பாருங்கள். முதல் பந்திக்காரர்கள் பூட்டிய சாப்பாட்டு அறைக் கதவுக்கு முன்னால் முக்கால் மணிநேரம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் செருப்பைத் தொலைத்தார். ஆனால் கடைசியில் ஏலமும் முந்திரியும் மிதக்கிற பருப்புப் பாயாசம், அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு. அவர்கள் கல்யாணத்தை ஒரு குறை சொல்லவில்லை. மூன்றாம் பந்திக்காரர்கள் நேராக வந்து உட்கார்ந்தார்கள், சுடச்சுட வடை கிடைத்தது, அவியல் மறுபடி வந்தது, விசிறிக்கு நேர் கீழே இடம். கடைசியில் இரண்டாம் பாயாசம், இலையின் சரிவில் ஓடி மடியைத் தொட்டது. மேனாட்டார் தண்ணீரில் கையை முக்கிக் கண்டதை நம் தவசுப்பிள்ளைகள் கையை முக்காமலே அறிவார்கள். பாயாசம் பரிமாறுகிறவரை எப்போதும் அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது இதனால்தான்.

சரி, பாயாசம் ஏன் தீர்ந்தது? பட்டாசலில் இதற்கு எழுந்த கொள்கைகள்: பால்காரர் ஏமாற்றினார் (அத்தான்). தவசுப்பிள்ளை இரண்டு தூக்குவாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் (சின்ன அத்தை). கண் பட்டுவிட்டது (ஆச்சி). நான் அப்பமே சொன்னேம்லா (அனைவரும்). சம்பந்தப்பட்ட தவசுப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் மறுவீட்டுச் சொதிக்கு யார் தேங்காய்ப்பால் எடுப்பது? நெல்லையில் கல்யாணத்தில் எதில் குறை வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், மறுவீட்டுக்கு மாப்பிள்ளையை உட்காரவைத்துச் சொதியில் குறை வந்தால் பொறுக்கமாட்டார்கள். ஆகவே பிழைக்குக் காரணமானவர் என்று சந்தேகிக்கப்பட்டவரிடமே மறுநாள் வேலையும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நிர்வாக நூல்கள் இந்நிலையைக் குறிப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவர் இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தபோது நான் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி முன்னூறுன்னாவ" என்றார், தலையைத் தூக்காமல். "அவ்வோ எப்பவும் கொறச்சுத்தான் சொல்லுவாவன்னு நானே நூத்தம்பது எலை கூடப் போட்டேன். அதுக்கு மேல வந்தா நான் என்ன செய்ய?"

அண்ணன் சொன்ன முன்னூறு, பத்திரிகை. அவர் கேட்ட முன்னூறு, இலை. ஒரு பத்திரிகைக்கு இரண்டு இலை என்பது குறைந்தபட்சக் கணக்கு. பக்கத்து வீட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு ஏழு இலை விழுந்ததை நானே பார்த்தேன். இப்படி ஓர் அளவுக் குழப்பத்துக்கு அண்ணனைத் திட்டுகிறவர்கள் 1999ஐ நினைத்துக்கொள்ளட்டும். செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அந்த வருடம் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டில் கொடுத்தது, மறு தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. பல மாதப் பயணம், கடைசியில் கலம் கிரகத்துக்கு மிக அருகே தாழ்ந்து போய்த் தொலைந்தது. அங்கேயும் இரண்டு தரப்பும் எண்ணைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

நான் இதை அவரிடம் சொன்னேன். "அவ்வோளுக்காவது மேல போயிருச்சு. எனக்கு இங்கன நேர்ல வந்து கேக்காவ" என்றார்.

அங்கே இன்னொருவரும் இருந்தார். முதல்நாள் இலை எடுத்த அக்கா. சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமல், துருவலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பாயாசம் பாயாசங்கீயளே, கோஸ் பொரியலு மூணு பந்திலயும் வச்சது வச்சபடி கெடந்துது. யாரும் தொடல. இஞ்சிப் பச்சடி இருந்த எடம் மட்டும் தொடச்ச மாதிரி இருந்துது. சின்னப் புள்ளைவ எலைல எல்லாம் லட்டு பாதிதான். பெருசாப் புடிச்சுட்டாவ. பாதியாப் புடிச்சா ரெட்டிப்பு ஆளுக்கு வரும்லா."

அண்ணன் வாசலில் நின்று நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டு வாங்கியது 'ஜம்முனு இருந்துது' என்ற ஒரே சொல். இவர் அறுநூறு இலையை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்திருக்கிறார். இலைக்கு வாய் கிடையாது, மரியாதை பார்க்காது, சம்பந்தி வீட்டு இலை என்று பொரியலை விழுங்கிவைக்காது. உருத்திரசன்மன் பாளையங்கோட்டையில் பிறந்திருந்தால் பந்தியில் இலை எடுக்கப் போயிருப்பான். இலையைத் தன்பக்கம் மடிப்பதா எதிர்ப்பக்கம் மடிப்பதா என்ற சாத்திரத்தில் நம்மவர்கள் காட்டுகிற அக்கறையில் கால்பங்கை, மடித்ததற்குள் என்ன இருக்கிறது என்பதில் காட்டலாம்.

இதையெல்லாம் எழுதி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் கல்யாணத்தைப் பற்றிப் பத்திரமாக வைக்கப்படுகிற ஒரே தாள் மொய் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: பத்திரிகை வேறு, இலை வேறு. கோஸ் வேண்டாம். இஞ்சிப் பச்சடி கூட. லட்டு பாதி அளவு. கீழே தேதி போட்டேன். எழுதியதை மருமகன் படம் பிடித்துக்கொண்டான். நாசாவும் கற்ற பாடங்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய தகவல் கிடங்கு வைத்திருக்கிறது என்றான். அவன் சொல்லாமல் விட்டதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்: திட்ட மேலாளர்கள் அந்தக் கிடங்கை அரிதாகத்தான் திறந்து பார்க்கிறார்கள் என்று நாசாவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2012இல் அறிக்கை கொடுத்திருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அண்ணனின் இளைய மகளுக்கு நிச்சயமாயிற்று. இந்தத் தடவை மருமகன் முன்கூட்டியே வந்தான். கேரி கிளைன் என்பவர் 2007இல் எழுதிய உத்தி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான்: காரியம் தொடங்குமுன்பே, அது கெட்டுப்போய்விட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, ஏன் கெட்டது என்று எல்லோரும் எழுதவேண்டும். "கல்யாணம் கெட்டுப்போச்சுன்னு வச்சுக்குவோம்" என்று அவன் தொடங்கியதும் ஆச்சி எழுந்து வந்து அவன் வாயில் ஒன்று வைத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லி முற்றத்துக்கு அனுப்பினார்கள்.

அவன் திரும்பி வருவதற்குள் மதினி பரணிலிருந்து பழைய மொய் நோட்டை இறக்கியிருந்தாள். யார் யார் எவ்வளவு எழுதினார்கள், யாருக்கெல்லாம் பத்திரிகை வைக்கவேண்டும் என்று பார்ப்பதற்கு. தவசுப்பிள்ளை பலசரக்கு லிஸ்ட் எழுத ஒரு தாள் கேட்டார். அண்ணன் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினார்.

தவசுப்பிள்ளை தாளை எழுதாத பக்கமாக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எத்தன போடட்டும், அண்ணாச்சி?"

"ஒரு முன்னூத்தம்பது வரும்" என்றார் அண்ணன்.